வெறும் மாதிரி

குப்பத்துக்கு மேற்கே, மல்பெரித் தோட்டம் முடிகிற இடத்தில்
எங்கள் தகரக் கொட்டகை.
உள்ளே வருகிறவர்கள் பொன் அணியக் கூடாது என்று
கதவில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
தமிழில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை.
எழுதியவன் நான்.

மோதிரம், மூக்குத்தி, கம்மல்
எல்லாம் சோற்று டப்பாவுக்குள் இறங்கிய பிறகுதான்
கல் உடையத் தொடங்கும்.
நரிக்கல் குன்றின் நூற்றெண்பதாவது மீட்டரிலிருந்து
உருளை உருளையாய் வந்த பாறையை
நெடுக்கில் அறுத்துப் பாதியைப் பெட்டியில் வைப்போம்.
மறுபாதி நொறுங்கும்.
நொறுங்கியதில் பாதி, அந்தப் பாதியில் பாதி,
அதிலும் பாதி அரைவைக்குப் போய்
முகத்துக்குப் பூசலாம்போல் மாவாகி வரும்.
அதில் ஐம்பது கிராம்
ஈயத்தோடு உலையில் உருகி
கண்ணுக்குத் தெரியாத ஒரு மணி மிஞ்சினால் மிஞ்சும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
அரிசிக்குச் சரி.
பொன் அப்படி வேகாது.
ஒரு மூலையில் குருணையாய் உட்கார்ந்துகொண்டு
மிச்சப் பானையைப் பட்டினி போடும்.
அகப்பையில் விழுந்தால் மலையே பொன் என்போம்.
விழாவிட்டால் கூடாரத்தைப் பிரிப்போம்.

இருபது பைக்கு ஒன்று நாங்களே நடுவில் வைப்போம்,
ஒன்றுமில்லாத வெள்ளைக் கல்.
பதிவேட்டில் அதன் பெயர் வெறும் மாதிரி.
அதற்கும் எண் உண்டு, முடிச்சு உண்டு,
சோதிப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது.
அது ‘இல்லை’ என்று திரும்பி வந்தால்தான்
மற்றவை சொல்லும் ‘உண்டு’ செல்லும்.

பங்குனியில் அது பொன்னோடு திரும்பியது.
ஒரு முறையல்ல, மூன்று முறை.
புருஷோத்தம் சார் தெலுங்கில் கத்தினார்,
எனக்காக இன்னொரு முறை தமிழில்.
அரைவையில் நிற்பது முனிலட்சுமி.
எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்தோம்.
நானும் பார்த்தேன்.
மேலங்கியின் பித்தானைக் கழற்றிக் காட்டினாள்.
மஞ்சள் கயிறு. அதில் கோத்த ஒரு மஞ்சள் துண்டு.
“தாலி ரெண்டு வருசமா அடகுல கீது சார்.
வேணும்னா ரசீது தரேன்,
அதையும் அரைச்சிப் பாருங்க.”

நாலு நாள் கழித்து, தேதிகளை ஒப்பிட்டபோது தெரிந்தது.
மாவு போதுமான நைசா என்று
அந்த மூன்று நாளும் விரலால் தேய்த்துப் பார்த்த கையில்
ராசிக்காகப் போட்ட மோதிரம்.
தெலுங்கில் பிழையில்லாமல்தான் எழுதியிருந்தது கதவில்.
‘காரணம் நீக்கப்பட்டது’ என்று அறிக்கை எழுதினேன்.
யாருடைய காரணம் என்று எழுதவில்லை.

ஆனியில் புதுமுறை வந்தது.
மாவு வேண்டாம், உலை வேண்டாம், ஈயப்புகை வேண்டாம்.
கேழ்வரகு அளவுக்கு நொறுங்கினால் போதும்.
அரைக் கிலோவை ஜாடியில் போட்டு மூடி திருகினால்
கதிர் பாய்ச்சி, கல்லுக்குள் தூங்கும் பொன்னை
ஒரு கணம் உசுப்பி எண்ணிவிடுகிறது.
ஜாடி திறக்காமலே திரும்பி வருகிறது.
சந்தேகம் என்றால் அதே கல்லை மறுபடி கேட்கலாம்.
உலை ஒரே கேள்விதான் கேட்கும்,
பிறகு சாட்சியே இருக்காது.

ஏழாம் துளையில் உலை இல்லை என்றதை
ஜாடி உண்டு என்றது.
பன்னிரண்டாம் துளையில் நேர்மாறு.
சார் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அரைவை இயந்திரம் சாக்குப் போர்த்தி நிற்கிறது.
முனிலட்சுமி ஜாடி நிரப்புகிறாள், அதே கூலிக்கு.
நேற்று மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்:
“தாலிய மீட்டதும் இதுல ஒரு தபா வச்சிப் பாக்கலாமா?
அடகுக்காரன் பதினெட்டு கேரட்டுன்றான்.
எங்கம்மா இருபத்திரண்டுன்னு சொல்லிக் குடுத்தது.”

இது பத்து லட்சத்தில் ஒன்றிரண்டைத் தேடிப் பழகிய கண்,
முழுப் பொன்னைக் காட்டினால் கூசிப்போகும் என்றேன்.

“அப்ப அதுவும் நம்ம மாதிரிதான்” என்று சொல்லி
இருபதாவது ஜாடிக்கு
வெள்ளைக் கல்லை அள்ளினாள்.